எட்டாம் மாதப் பிள்ளையும் இரண்டரை சென்டிமீட்டரும்

"ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆயாக்கள் வாயில் இதை இன்னும் கேட்கலாம். பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே பேச்சு உண்டு. உண்மைக் கணக்கு நேரெதிர். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். அதுவரை வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்? ஏற்கெனவே குறைமாதத்தில் பெற்றவருக்குத்தான் முதலில். அப்புறம் இரட்டைப் பிள்ளை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை. பலரும் பொருட்படுத்தாதது சிறுநீர்த் தொற்று. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே அது இருக்கக்கூடும். கிருமியோடு உடல் போடும் சண்டையில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. பிரசவ வலியைக் கிளப்புவதும் அதே பொருள்தான். பெரிய வீட்டு நிலைப்படியைத் தாண்டியதால் வலி வந்தது என்று மருமகளைக் குறைசொல்வது வீண். நாள் முழுக்கப் படுக்க வைத்தாலும் பயனில்லை.

மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது கர்ப்பப்பை வாயின் நீளத்தை. நடுமாதங்களில் சாதாரணமாக அது மூன்றரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 24 வாரத்துக்குள் இரண்டரைக்குக் கீழே போனால் எச்சரிக்கை. இதை உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது), சிறுநீர் கழித்த பிறகு அளப்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தினால் வாய் நீளமாக இருப்பதுபோல் பொய் காட்டும். நீளம் குறைந்திருந்தால், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை மருந்தாகத் தருவார்கள். முன்பே குறைப்பிரசவம் ஆனவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவார்கள்.

இதையும் மீறி வலி வந்துவிட்டால்? வயிற்றில் பெல்ட் கட்டி, வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, பிள்ளையின் இதயத்துடிப்பு எப்படி என்று பார்ப்பார்கள். பொய்வலி என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிஜவலி என்றால் நிஃபெடிபின் கொடுப்பார்கள். அது ரத்தக் கொதிப்பு மாத்திரைதான். கருப்பைத் தசையையும் தளர்த்தும். இந்த மாத்திரையால் பிரசவம் அடியோடு நிற்காது, சுமார் 48 மணி நேரம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாள், பிள்ளையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்வதற்காக. முதிராத நுரையீரலின் காற்றுப்பைகள் நனைந்த பாலிதீன் பைபோல ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் காப்பது சோப்பு நுரைபோன்ற ஒரு பொருள். அது சீக்கிரம் சுரக்க ஊசி தூண்டுகிறது. நியூசிலாந்தில் மகப்பேறு மருத்துவர் லிகின்ஸ் முதலில் ஆட்டுக்குட்டிகளில் இதைக் கவனித்தார். குழந்தை மருத்துவர் ஹோவியோடு சேர்ந்து தாய்மார்களிடம் செய்த சோதனையை 1972இல் வெளியிட்டார்.

அதே இரண்டு நாளில் சிவகங்கையிலோ மதுரையிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பிறந்த பிள்ளையை இன்குபேட்டர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதைவிட, அம்மா வயிற்றோடு போவது எவ்வளவோ மேல்.