ஐகான் உடைந்தால் ப்ரோகிராமை ஏன் அழிக்கிறீர்கள்?

போன வாரம் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். கணக்கு எழுதும் மென்பொருள் அப்டேட் ஆனதிலிருந்து டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான் வெள்ளைக் காகிதம் போல மாறிவிட்டதாம், சொடுக்கினால் ஏதோ கேள்வி கேட்கிறதாம். சரி, பார்க்கிறேன் என்றேன். "இல்ல சார், நானே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். திரும்பப் போட்டுக் கொடுத்தா போதும்" என்றார். அன்இன்ஸ்டால் செய்யும்போது தரவுகளையும் நீக்கவா என்று கேட்ட பெட்டியில் டிக் வேறு போட்டிருக்கிறார். 3 வருடக் கணக்கு. பேக்கப் இருக்கிறதா என்றதும் முகம் மலர்ந்து பென்டிரைவை நீட்டினார். திறந்து பார்த்தால் அதே ஐகான். 2 கேபி.

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்த ஐகானின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். வளைந்த சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். அது இருந்தால் அது ஷார்ட்கட். ப்ரோகிராம் அல்ல, ஃபைல் அல்ல, உங்கள் கணக்கும் அல்ல. ப்ரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று எழுதி வைத்த துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இப்படித்தான். நம்பிக்கை வரவில்லையா? ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். நூற்றுக்கணக்கான எம்பி உள்ள மென்பொருளும் உங்கள் 3 வருட வரவு செலவும் அதற்குள் எப்படி அடங்கும்? சீட்டைக் கிழித்தாலும் ப்ரோகிராமுக்கு ஒன்றும் ஆகாது. சீட்டை பென்டிரைவில் காப்பி எடுத்தாலும் ப்ரோகிராம் கூடவே வராது. இதை ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது சொல்கிறேன். (பழி முழுவதும் உங்கள் மேல் இல்லை. ஃபைல் பெயர்களின் கடைசிப் பகுதியைக் காட்டச் சொன்னாலும், ஷார்ட்கட்டின் 'எல்என்கே' என்ற வாலை மட்டும் விண்டோஸ் மறைத்தே வைக்கும்.) அம்புக்குறி இல்லாமல் டெஸ்க்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிஜமான ஃபைல், அதில் கை வைக்காதீர்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு ஏன் உடைகிறது? முகவரி மாறுகிறது. சில மென்பொருள்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் எண் போட்டுத் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும், புதியது வந்ததும் பழைய ஃபோல்டரை அழித்துவிடும். மென்பொருளின் 32 பிட் பதிப்பிலிருந்து 64 பிட் பதிப்புக்கு மாறினாலும் இடம் மாறும். இன்ஸ்டாலர் தான் போட்ட ஷார்ட்கட்டைத் திருத்திக்கொள்ளும். நீங்களாக உருவாக்கியதைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? வெறுமனே நகர்த்திய ஃபைல் என்றால் விண்டோஸே ஓரளவு தேடிப் பிடித்துவிடும். இங்கே பழையது அழிந்து புதியது பிறந்திருப்பதால் அதுவும் கைவிரிக்கிறது.

ஷார்ட்கட் கூண்டோடு காணாமல் போனதும் உண்டு. 2023 ஜனவரி 13 அன்று மைக்ரோசாஃப்டின் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டருக்கு வந்த ஒரு அப்டேட், குறிப்பிட்ட பாதுகாப்பு விதி ஒன்றை இயக்கி வைத்திருந்த கணினிகளில் டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்களைத் தவறுதலாக அழித்துவிட்டது. ப்ரோகிராம்கள் அதனதன் இடத்தில்தான் இருந்தன. ஷார்ட்கட்களைத் திரும்ப உருவாக்க மைக்ரோசாஃப்டே ஒரு சின்ன நிரலை (ஸ்கிரிப்ட்) வெளியிட்டது. அன்றைக்கு எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்திருந்தால் அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

சரி, செய்ய வேண்டியது. ஷார்ட்கட்டை நீக்கவா என்று விண்டோஸ் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், அதிலிருக்கும் பழைய முகவரி தேடுவதற்கு உதவும். ஸ்டார்ட் மெனுவில் ப்ரோகிராமின் பெயரைத் தட்டுங்கள். திறக்கிறதா? வேலை முடிந்தது. எல்லா ஆப்களும் உள்ள பட்டியலிலிருந்து அதை டெஸ்க்டாப்புக்கு இழுத்து விடுங்கள், புது ஷார்ட்கட் வந்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் இல்லையென்றால், பழைய ஐகானின் ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' என்ற வரியைப் படித்து அந்த ஃபோல்டருக்கோ அதற்கு மேலுள்ளதற்கோ போய்ப் பாருங்கள். படம் மட்டும் வெள்ளையாகி, சொடுக்கினால் ஒழுங்காகத் திறக்கிறதா? ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப்பே காலியா? வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, 'வியூ'வில் ஐகான்களைக் காட்டும் டிக் போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதி அழைப்புகள் இந்த ஒரு டிக்கில் முடியும், எனக்கே காசு வாங்கக் கூச்சமாக இருக்கும்.

ஒரு கெஞ்சல். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டி மென்பொருளைத் திரும்ப இறக்காதீர்கள். தயாரித்தவரின் தளத்துக்கே போங்கள். ஷார்ட்கட்டைச் சரிசெய்து தருகிறோம் என்று வரும் இலவசக் கருவிகள் எதுவும் உங்களுக்கு வேண்டாம். டார்கெட் வரியைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பிரவுசர் ஷார்ட்கட்டில் ப்ரோகிராம் பெயருக்குப் பின்னால் தெரியாத இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று அம்புக்குறியோடு நின்றால் எதையும் சொடுக்காமல் கழற்றிவிடுங்கள். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு (வைரஸ் போன்றது) பரவிய வழிகளில் ஒன்று, ஷார்ட்கட்டைக் காட்டும் முறையில் இருந்த ஓட்டைதான். ஐகான் திரையில் தெரிந்தாலே போதுமாயிருந்தது.

அப்புறம் அந்த மனிதர். லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி என்ற புதுவகை சேமிப்பகம், அதில் அழிந்ததை மீட்கப் பெரும்பாலும் வழியில்லை, முயன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பேக்கப் ஃபைல் ஒன்று மட்டும் அகப்பட்டது. அதற்குப் பிந்திய ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார். டெஸ்க்டாப்பில் புது ஐகான் வைக்க எனக்கு 10 விநாடி ஆனது.