1920இல் பிறந்த இளைஞர்கள்

இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 2016இல் 12 எண் இலக்கம் வந்தது. எழுத்து போய், ஆண்டு நான்கு எண்ணாக நீண்டது.

கொழும்பில் ஏதோ ஒரு லீசிங் கம்பெனி, பழைய மென்பொருளில் இலக்கம் பதியும் பெட்டியின் நீளத்தை மட்டும் கூட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1998இல் பிறந்த பையன் வருகிறான். கணினி ‘19’ஐ எடுத்து 1919 என்கிறது, அடுத்து ‘98’இல் தொடங்கும் மூன்று எண்கள் 500ஐத் தாண்டுவதால் அவனைப் பெண்ணாக்கிவிடுகிறது. சரி, இதாவது பார்த்தவுடன் பிடிபடும். 2001இல் பிறந்த எவரும், ஆணோ பெண்ணோ, 1920 ஜனவரியில் பிறந்த ஆணாகச் சத்தமில்லாமல் பதிவாகிவிடுவார்.

மென்பொருளின் தேவைகளை முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி, படிப்படியாக இறங்கும் ‘வாட்டர்ஃபோல்’ முறையில், இலக்கத்துக்குப் ‘பத்து எழுத்து’ என்பது ஆவணப்படி சரிதான். 1970இல் அந்தப் படிகளை வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், இப்படியே நேராகப் போவது ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதினார். படத்தை எடுத்துக்கொண்ட பலர் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

2001இல் 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட ‘அஜைல்’ அறிக்கை, தேவைகள் நடுவில் மாறினாலும் வரவேற்கச் சொன்னது. ஆனால் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (சில வார வேலைச் சுற்றிலும்) புது வசதியை மட்டும் காட்டி, கோடை, அதாவது நிரலை, சீர்படுத்துவதையும் அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எழுதுவதையும் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று தள்ளினால் அதுவும் உதவாது. 1992இல் மென்பொருளாளர் வார்ட் கன்னிங்ஹாம் இதைக் கடன் என்றார். அடுத்தடுத்த மாற்றங்களுக்குக் கூடுதலாகச் செலவாகும் நேரமே வட்டி. என்னைக் கேட்டால், முறையின் பெயரைவிட இரண்டு பழக்கங்களே முக்கியம்: ஒரு விதியை ஒரே இடத்தில் எழுதுவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓடவிடுவது. புது விதி வரப்போவதை டெஸ்ட் முன்கூட்டிச் சொல்லாது. வந்தபின் எங்கெங்கே உடைகிறது என்று காட்டும்.

இலங்கையின் வற் (பெறுமதி சேர்) வரியைப் பாருங்கள். 8 வீதமாக இருந்தது 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 ஆனது. வீதமும் திகதியும் ஓர் அட்டவணையில் இருந்தால் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. கோடு முழுக்க 0.08 என்று சிதறிக் கிடந்தால், அவசரத்தில் எல்லாவற்றையும் 0.12 ஆக்கத் தோன்றும். அதில் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதச் சேமலாப நிதியும் மாட்டிக்கொள்ளும். செப்டெம்பரில் அதே வேலையைச் செய்தால், முதலாளி அந்த நிதிக்குக் கட்டும் 12 வீதமும் 15 ஆகிவிடும்.