தொடாமல் நெருங்கும் கண்கள்

2015 ஜனவரி, சிட்னி டெஸ்ட். கே.எல். ராகுல் 46 ரன்னில் இருந்தபோது அடித்த பந்து வானத்தில் உயர எழும்பியது. ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் ஸ்மித் அண்ணாந்து பார்த்தபடி ஓடினார், கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். உடனே அவர் விரல் மேலே நீண்டது. அங்கே ஒரு மெல்லிய வடம் தெரிந்தது, மைதானத்துக்கு மேலே தொங்கிய ஸ்பைடர்கேம் என்ற கேமராவைத் தாங்கிய நான்கு வடங்களில் ஒன்று. அது ஸ்மித்தின் பார்வையில் குறுக்கிட்டதை ஒளிபரப்பிய தொலைக்காட்சியும் கிரிக்கெட் வாரியமும் பிறகு கூட்டாக ஒப்புக்கொண்டன. ராகுல் 110 வரை போனார். அவருடைய முதல் டெஸ்ட் சதம் அது.

நேரலைக்கென்று தனியாக உருவாக்கப்பட்ட ஒவ்வொரு கேமராவும் இந்த இக்கட்டைத்தான் சுமக்கிறது. வீரரை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும், ஆனால் ஆட்டத்தைத் தொட்டுவிடக் கூடாது. சினிமாவில் இடறினால் இன்னொரு டேக் உண்டு. நேரலையில் கிடையாது. இந்தக் கேமராக்கள் பெட்டியாக மட்டும் வாடகைக்கு வராமல் ஆட்களோடு சேர்ந்தே வருவதற்குக் காரணமும் இதுதான். கோடம்பாக்கத்தில் அவுட்டோர் யூனிட்டை வாடகைக்கு எடுத்தால் விளக்குகளோடு லைட்மேன்களும் சேர்ந்து வருவார்கள். அதே ஏற்பாடுதான் இது. வடத்தில் பறக்கும் கேமராவை அதன் குழு இல்லாமல் அனுப்பினால், இறங்கும் இடத்தில் அதைக் கட்டக்கூட ஆள் இருக்காது.

ஸ்பைடர்கேமின் அமைப்பு பார்ப்பதற்கு எளிது. மைதானத்தின் நான்கு மூலைகளில், உயரமான இடங்களில் நான்கு கப்பிகள். ஒவ்வொரு கப்பி வழியாகவும் ஒரு வடம் இறங்கிக் கீழே ஒரு மோட்டார் உருளையில் சுற்றிக்கொள்கிறது. நான்கு வடங்களும் சேரும் இடத்தில் கேமரா தொங்குகிறது. வடம் செயற்கை இழையால் ஆனது. எடை குறைவு, இழுவிசையைத் தாங்கும் திறன் மிக அதிகம். படத்தைக் கீழே கொண்டுவரும் ஒளியிழையும் வடத்துக்குள்ளேயே ஓடுகிறது.

வேலை தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பிகள் 40 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, மைதானத்தின் நடுவிலிருந்து ஒவ்வொன்றும் 90 மீட்டர் தள்ளி. கேமரா நடுவில், 10 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே இங்கே போதும். நான்கு வடங்களும் ஆளுக்கு 94.9 மீட்டர் நீளம். இப்போது கேமராவை ஒரு மூலையை நோக்கி 10 மீட்டர் நகர்த்துவோம். அந்த மூலையின் வடம் 9.4 மீட்டர் சுருள வேண்டும். எதிர் மூலையின் வடம் 9.5 மீட்டர் விட வேண்டும். பக்கத்து மூலைகள் இரண்டும் அரை மீட்டர் மட்டும் விட வேண்டும். நான்கு மோட்டார்களுக்கும் நான்கு விதமான வேலை, அதுவும் ஒரே நேரத்தில், வழியெங்கும் மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில். ஒரு மோட்டார் கொஞ்சம் பிந்தினாலும் ஒரு வடம் தளர்ந்து இன்னொன்று விறைக்கும், கேமரா ஆடும். அதனால்தான் நடுவில் ஒரு கணினி உட்கார்ந்து ஒவ்வொரு நொடியும் பல நூறு முறை இந்த நீளங்களைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. கேமராவை ஓட்டுபவரின் கையில் இருப்பது ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும். ‘முன்னால் போ’ என்று அவர் தள்ளினால், அதை நான்கு நீளங்களாகப் பிரித்துக்கொடுப்பது கணினியின் பொறுப்பு.

அடுத்தது இழுவிசை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். ஈரப் போர்வையை நடுவில் போட்டால் கொடி தொய்கிறது. தொய்வே இல்லாமல் கட்ட வேண்டும் என்று இழுத்து இழுத்துக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறது, தொய்வை மட்டும் முழுதாகப் போக்க முடிவதில்லை. போர்வையின் எடையைத் தாங்குவது கொடியின் மேல்நோக்கிய சாய்வுதான். சாய்வு குறையக் குறைய, அதே எடையைத் தாங்கக் கொடி பல மடங்கு இழுபட வேண்டியிருக்கிறது.

கேமராவும் அப்படித்தான். அதன் எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம், வடத்தின் சொந்த எடையை விட்டுவிடுவோம். மேலே சொன்ன மைதானத்தில் கேமரா 10 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது ஒவ்வொரு வடமும் தாங்குவது ஏறக்குறைய 16 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. 35 மீட்டருக்கு உயர்த்தினால் அது 90 கிலோ. கப்பிகளுக்கு ஒரு மீட்டர் கீழே, 39 மீட்டருக்குக் கொண்டுபோனால் 450 கிலோ! கேமரா அதே கேமராதான். கப்பிகளின் மட்டத்துக்கே அதை ஏற்றிவிட எந்த மோட்டாராலும் முடியாது, அதற்குத் தேவைப்படும் விசைக்கு முடிவில்லை. ஆகவே கேமரா எவ்வளவு உயரம் பறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கப்பியின் உயரமும், அதைத் தாங்கும் தூண் எவ்வளவு இழுவையைப் பொறுக்கும் என்பதும்தான். குழு முதலில் வந்து பார்ப்பதும் அதையே.

கேமராவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதைப் பறக்கவிடுபவர், பைலட் என்றே சொல்கிறார்கள். மற்றவர் அதன் முகத்தைத் திருப்பி, ஜூம் செய்து, ஃபோகஸ் பிடிப்பவர். ஒருவர் கால், ஒருவர் கண். தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. வடம் பிடிப்பவர்கள் இழுப்பார்கள், சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நிற்பவர் தேரைத் திருப்புவார், நிறுத்துவார். இரு தரப்பும் ஒரே மூச்சில் இயங்காவிட்டால் தேர் தெருமுனையில் மாட்டிக்கொள்ளும். மென்பொருளும் முட்டுக்கட்டை போடுகிறது. எந்த இடத்துக்கு மேலே போகக் கூடாது, எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே எல்லை வகுத்துவிடலாம்.

எல்லை வகுத்தாலும் தவறு நடக்கிறது. 2022 டிசம்பரில் மெல்போர்னில், பாக்ஸிங் டே டெஸ்டின் இரண்டாம் நாள், பந்து ஆட்டத்தில் இல்லாத இடைவெளியில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஆன்ரிக் நோர்க்யே மைதானத்தில் நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து தாழப் பறந்து வந்த கேமரா அவரை இடித்துத் தரையில் சாய்த்தது. நல்லவேளையாக எழுந்து மீண்டும் பந்து வீசினார். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 20 கிலோ வந்தால் அதன் இயக்க ஆற்றல் 640 ஜூல். அதே 20 கிலோவை மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து ஒருவர் மேல் போடுவதற்கு அது சமம். ஆட்கள் நடமாடும்போது தலைக்கு மேலே நல்ல உயரத்தில்தான் பறக்க வேண்டும் என்ற விதி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வடத்தில் கேமராவைப் பறக்கவிடும் யோசனையை முதலில் செய்துகாட்டியவர் அமெரிக்கரான காரெட் பிரவுன். கேமராமேன் நடந்தாலும் ஓடினாலும் படம் குலுங்காமல் இருக்க ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவருடைய ஸ்கைகேம் 1984இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில் முதலில் பறந்தது. ஆனால் அவர் செய்தவற்றில் என்னை வியக்கவைப்பது 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் வந்த டைவ்கேம். 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர் ஏறக்குறைய 1.4 நொடியில் தண்ணீரைத் தொடுகிறார், தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அவரோடு கூடவே கீழே வரும் கேமராவுக்கு எந்த மோட்டாரைப் பொருத்துவது? பிரவுன் மோட்டாரே வைக்கவில்லை. நெட்டுக்குத்தாக ஒரு குழாய், அதன் ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே கேமரா. குதிப்பவர் எம்பி உச்சியைத் தொட்டு விழத் தொடங்கும் அதே கணத்தில் கேமராவையும் கைவிட வேண்டும், அவ்வளவுதான். கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்ற கலிலியோவின் விதி மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. குழாயின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால், வீரர் நீரைப் பிளந்துகொண்டு வரும் காட்சியும் வெட்டில்லாமல் கிடைக்கிறது. எப்போது விடுவது, எப்போது பிடித்து நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகள் மட்டும் மனிதருடையவை.

இடத்தில் நெருங்குவது போலவே காலத்திலும் நெருங்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து ஒரு நொடியில் 39 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 50 படம் எடுக்கும் சாதாரணக் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மட்டையின் விளிம்பை உரசியதா என்ற கேள்விக்கான விடை அந்த இடைவெளியில் தொலைந்துபோகும். நொடிக்கு 1000 படம் எடுத்தால் இடைவெளி நாலு சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது, பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ பாதி.

இதற்கு விலை வெளிச்சம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 20இல் ஒரு பங்காகச் சுருங்குவதால் வெளிச்சமும் அந்த அளவு குறைகிறது. ஈடுகட்ட லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால், ஃபோகஸ் இருக்கும் ஆழம் மெலிந்துபோய், பந்து வீச்சாளரின் முகம் தெளிவாகவும் அவர் கை மங்கலாகவும் வரும். இரவு ஆட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருவது. அதனால் பழைய வகை மைதான விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. சாதாரணக் கேமராவின் ஒவ்வொரு படத்துக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கிவிடுவதால் நமக்கு எதுவும் தெரியாது. 1000 படக் கேமராவிலோ ஒரு துடிப்பு பத்துப் படங்களில் பரவுகிறது. திரையில் புல்தரையே மூச்சுவிடுவதுபோல் மின்னி மங்கும். விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளுக்கும் பிரித்து, ஒரே இடத்தில் விழும்படி திருப்பிவைப்பது பழைய வைத்தியம். ஒன்று மங்கும்போது மற்ற இரண்டும் பிரகாசிக்கும். நல்ல மின்சுற்று கொண்ட எல்இடி விளக்குகள் வந்த பிறகு தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

எட்ட நின்று நெருங்குவதும் சுலபமல்ல. எல்லைக்கோட்டுக்கு வெளியே மேடைமேல் நிற்கும் பெரிய கேமராக்களின் லென்ஸ் மட்டுமே 20 கிலோவுக்கு மேல் கனக்கும். 8.2 மில்லிமீட்டரிலிருந்து 1000 மில்லிமீட்டர் வரை, அதாவது 122 மடங்கு ஜூம் ஆகும் லென்ஸ்கள் இருக்கின்றன. முழுதாக ஜூம் செய்தால் 100 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமே சட்டத்துக்குள் இருக்கும், அதாவது ஓர் ஆளின் தலையும் தோளும். கேமரா ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் படம் 17 சென்டிமீட்டர் துள்ளும். அந்த மேடையில் வேறு யாராவது தொப்பென்று கால் வைத்தால் கேமராமேன் முறைப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

கம்பியில்லாமல் ஓடி ஓடிப் படம்பிடிப்பவரின் சிக்கல் எதிரொலி. அவர் முதுகிலிருந்து கிளம்பும் 2 கிகாஹெர்ட்ஸ் அலை கூரையிலும் கம்பிவேலியிலும் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி பல பிரதிகளாகச் சற்று முன்னும் பின்னுமாக வந்து சேர்கிறது. காலியான கல்யாண மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது, நிறுத்தி நிதானமாகப் பேசினால் விளங்கும். பொறியாளர்கள் செய்ததும் அதுவே. ஒரு வேகமான குரலை, ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசும் ஆயிரக்கணக்கான குரல்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் எதிரொலி அடங்கும் அளவுக்கு ஒரு சிறு இடைவெளி. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலைப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள் கேமராவின் படம் இப்படித்தான் மேலே பறக்கும் வானூர்திகளுக்கு ஏறி, அங்கிருந்து முடிவுக்கோட்டுக்கு இறங்குகிறது.

கடைசியாக ஒரு விபத்து. 2015 ஆகஸ்டு 27, பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டி. 200 மீட்டரில் தங்கம் வென்ற உசைன் போல்ட் வெறுங்காலோடு நடந்து ரசிகர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு சக்கர செக்வேயில் நின்றபடி ஒரு கேமராக்காரர் தொடர்ந்தார். செக்வே என்பது நிற்பவரின் சாய்வை உணர்ந்து சக்கரத்தைச் சுழற்றித் தன்னைத்தானே சமநிலையில் வைத்துக்கொள்ளும் வண்டி. கேமராவைத் தடுமாற்றமின்றி நகர்த்த அருமையான ஊர்தி, ஆனால் இரண்டு சக்கரமும் தரையில் தடையின்றி உருண்டால்தான் அந்தச் சமநிலை நிற்கும். ஓடுதளத்தின் ஓரமாக, ஓட்டக்காரர்களோடு சேர்ந்தோடும் இன்னொரு கேமராவுக்காகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வ்யூஃபைண்டரில் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவரின் சக்கரம் அதில் ஏறியது. ஒரு சக்கரம் தடைபட்டதும் வண்டி முறுக்கிக்கொண்டு, அவரையும் கேமராவையும் போல்ட்டின் கால்களுக்குப் பின்னால் எறிந்தது. ஒரு கேமராவுக்காகப் போட்ட பாதை, இன்னொரு கேமராவைக் கவிழ்த்துவிட்டது.

போல்ட் குட்டிக்கரணம் போட்டு விழுந்து, கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். மறுநாள் பதக்கம் வழங்கும் நிகழ்ச்சிக்கு அந்தக் கேமராக்காரர் வந்தார், போல்ட்டிடம் ஒரு நட்புக் கயிறு கொடுத்தார். அடுத்த நாள் போல்ட் தொடர் ஓட்டத்தில் ஓடி இன்னொரு தங்கம் வென்றார்.