சொசைட்டி காமெடி என்பது 'சமூக நகைச்சுவை' அல்ல

பழைய ஹாலிவுட் மௌனப்படங்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'சமூக நகைச்சுவை' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சொசைட்டி காமெடி என்ற வகைப் பெயரைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அகராதியில் சொசைட்டிக்கு எதிரே 'சமூகம்' என்று இருக்கிறது, எடுத்துப் போட்டாயிற்று.

லத்தீனில் 'சோசியுஸ்' என்றால் தோழன், கூட்டாளி. அதிலிருந்து கூட்டு, சேர்க்கை என்ற பொருளில் ஒரு சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஊர் உலகம் முழுவதையும் குறித்த அந்தச் சொல்லுக்கு அப்புறம் குறுகலான இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது: பணமும் பவிசும் உள்ளவர்கள் விருந்து, நடனம், நாடக அரங்கு என்று தங்களுக்குள்ளேயே பழகிக்கொள்ளும் சின்ன வட்டம். சொசைட்டி காமெடியில் இருப்பது இந்தச் சொசைட்டிதான். சமூகம் என்றால் எல்லோரும். இதுவோ எல்லோரையும் வாசலில் நிறுத்திவிடுகிற கூட்டம். அர்த்தம் நேர் தலைகீழாகிவிடுகிறது.

'சமூக நகைச்சுவை' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் சினிமாவில் 'சமூகப் படம்' என்பது ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். புராணப் படம் அல்லாதது, நம் காலத்துக் கதை என்று அதற்குப் பொருள். 1935-இல் வந்த 'மேனகா'வை அந்தப் பெயரில்தான் சொல்கிறோம். அதே 'சமூக'த்தை இங்கேயும் ஒட்டினால் வாசகர் என்ன நினைப்பார்? போதாததற்கு, சமூகத்தின் கோணல்களைக் கிண்டல் செய்யும் 'சோஷியல் காமெடி' என்று தனியாக வேறொன்று இருக்கிறது. 'சமூக நகைச்சுவை' நியாயமாக அதற்குச் சேர வேண்டியது. சொசைட்டி காமெடி கதை நடக்கும் வீட்டைச் சொல்கிறது, சோஷியல் காமெடி கதை யாரை, எதைக் குத்துகிறது என்று சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இரண்டும் ஒரே படத்தில் சேரும்போது சொல்ல வார்த்தை இருக்காது.

அப்படிச் சேர்ந்த படம்தான் 1919-இல் சிசில் பி. டெமில் எடுத்த 'மேல் அண்ட் ஃபீமேல்'. (ஆண் என்ற பொருளில் வரும் ஆங்கில 'மேல்'. நம் 'மேல்' என்று படித்தாலும் கதைக்குப் பொருந்தும்.) ஜே. எம். பாரி 1902-இல் எழுதிய நாடகம்தான் மூலம். லண்டன் பிரபு வீட்டுக் கூட்டம் படகு உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறது. அங்கே பட்டமும் பரம்பரையும் அடுப்பு மூட்ட உதவவில்லை. வேலை தெரிந்த பட்லர் கிரைட்டன் தலைவனாகிறான். குளோரியா ஸ்வான்சன் நடித்த சீமாட்டி மேரி அவனுக்குப் பரிமாறக் காத்து நிற்கிறாள். கல்யாணம் வரை போய்விட்ட நேரத்தில் மீட்கக் கப்பல் வருகிறது. எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். இதைச் 'சமூக நகைச்சுவை' என்று மட்டும் சொன்னால் தலைகீழாவது எது என்பதே தெரியாது.

சரி, வேறு என்ன சொல்வது? 'சொசைட்டி காமெடி' என்று அப்படியே எழுதலாமே என்பவர்கள் நம் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். இங்கே சொசைட்டி என்றால் கூட்டுறவுச் சங்கம்: பால் ஊற்றுகிற இடம், பயிர்க்கடன் வாங்குகிற இடம். 'பிரபுக்கள் நகைச்சுவை' லண்டன் கதைக்குச் சரிவரும். டெமில் அதே ஆண்டில் எடுத்த 'டோன்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்' அமெரிக்கப் பணக்காரர் வீட்டுக் கதை, அங்கே பிரபு ஏது? 'உயர்குடி' என்றால் நம் காதில் சாதி வாடை அடிக்கிறது.

என் ஓட்டு 'மேட்டுக்குடி நகைச்சுவை'க்கு. பிறப்பு, பணம் இரண்டையும் தாங்கும். ஒரு சின்ன இளக்காரமும் கூடவே வரும், அது இந்த வகைப் படத்துக்குத் தேவை. பேச்சு நடையில் இன்னும் நல்லது 'பெரிய இடம்'. 'பெரிய இடத்துச் சம்பந்தம்' என்று சொல்லும் எந்தப் பாட்டிக்கும் இந்தச் சொசைட்டியை யாரும் விளக்க வேண்டாம். இவ்வளவு நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவதை எனக்குப் பொறுக்க முடியவில்லை.

அதே குறிப்புகளில் கிரைட்டனைச் 'சமையல்காரர்' என்றும் 'வேலைக்காரன்' என்றும் எழுதுகிறார்கள். பட்லர் வீட்டு வேலையாட்களுக்கெல்லாம் தலைவர். பாரியின் நாடகத்தில், மாதம் ஒரு நாள் வேலையாட்களைச் சமமாக உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறார் பிரபு. அது பிடிக்காமல் நெளிகிறவன் கிரைட்டன்தான். எஜமானைவிட அதிகமாக மேல்-கீழ் பார்க்கிற ஆள். 'வேலைக்காரன்' என்று போட்டால் இந்தச் சிரிப்பு போய்விடும். 'பட்லர் இங்கிலீஷ்' என்ற பெயரே பிறந்த மதராஸ் மாகாணத்து மொழிக்கு 'பட்லர்' என்ன அந்நியமா? அப்படியே எழுதலாம்.