நிழல் காட்டிக்கொடுக்கும் குழிகள்

அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு, தொல்பொருள் திருடர்கள் மண்வெட்டியால் தோண்டிய ஒரு குழி எப்படித் தெரியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிரியாவின் அபாமியா நகரைப் பற்றி நான் முன்பு எழுதியதையொட்டி எழுந்த கேள்வி இது. செலூக்கஸ் மன்னர் கி.மு. 300 அளவில் நிறுவிய அந்தப் பழம்பெரும் நகரின் மண், 2011 ஜூலையில் எடுத்த படத்தில் பெரும்பாலும் சமதளமாக இருந்தது. 2012 ஏப்ரலில் எடுத்த படத்திலோ, அதே நிலம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆயிரக்கணக்கான குழிகளால் நிறைந்திருந்தது.

அமெரிக்க அரசின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு படப்புள்ளி, தரையில் 30 மீட்டர் அகலமுள்ள சதுரத்தைக் குறிக்கும். அதில் குழி மறைந்துபோகும். 2014-இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 என்ற வணிகச் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி 31 சென்டிமீட்டர்தான் என்பதால், இரண்டு மீட்டர் குழி குறுக்கே ஆறு புள்ளிகளை நிரப்பிவிடும்.

ஆனால் அந்த ஆறு புள்ளிகளைக் குழி என்று சொல்ல வைப்பது நிழல். இத்தகைய செயற்கைக்கோள்கள் துருவங்களையொட்டிச் செல்லும் பாதையில் சுற்றுகின்றன. நடுவில் சற்றே பருத்த பூமியின் ஈர்ப்பு அந்தப் பாதையின் தளத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திருப்புவதால், அது ஆண்டு முழுவதும் சூரியனைத் தொடர்ந்தே திரும்புகிறது. அதனால் ஓர் ஊரை அவை பகலில் எப்போது கடந்தாலும், அங்கே ஏறக்குறைய அதே முற்பகல் பத்தரை மணியாக இருக்கும். அப்போது சிரியாவில் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். மேடாக இருந்தால் நிழல் அதற்கு வெளியே, வடமேற்கில் விழும். குழியாக இருந்தால் தென்கிழக்குச் சுவரின் நிழல் குழிக்குள்ளேயே விழ, எதிர்ச்சுவர் வெயிலில் பளிச்சிடும். சுற்றிலும் அள்ளிக் கொட்டிய புதுமண் வளையமாகக் கிடக்கும். நாளாக நாளாக அந்த வளையம் காற்றிலும் மழையிலும் கரைந்து, குழியின் விளிம்பும் மழுங்குவதால், தோண்டியது அண்மையிலா, பல ஆண்டுகளுக்கு முன்பா என்பதைக்கூட ஓரளவு கணிக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம் மூளை பழகியிருக்கிறது. வடக்கை மேலே வைத்து அச்சிட்ட படத்தில் வெளிச்சம் கீழிருந்து வருவதால், குழிகளெல்லாம் மேடுகளாகத் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், மேடுகள் சட்டென்று பள்ளமாகிவிடும்!

சிரியாவின் மற்றொரு பழம்பெரும் நகரான பால்மைராவில் கோயில் தகர்க்கப்பட்டதை உறுதிசெய்ய உதவியதும், முன்னும் பின்னும் எடுத்த படங்களின் ஒப்பீடுதான். 2015 ஆகஸ்ட் 27-ஆம் தேதிப் படத்தில் நின்ற பேல் கோயிலின் நடுக்கட்டடம், 31-ஆம் தேதிப் படத்தில் இல்லை. நுழைவாயில் மட்டுமே எஞ்சியிருந்தது.

துல்லியமான இத்தகைய படங்கள் பெரும்பாலும் விலைக்கே கிடைக்கின்றன என்பது எனக்குப் பெரும் வருத்தம். 1960 முதல் 1972 வரை கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை அமெரிக்கா 1995-இல் வெளிப்படுத்தியதால்தான், பின்னாளில் அணைநீரில் மூழ்கியும் உழவில் கரைந்தும் போன தொல்மேடுகளின் (பழங்கால ஊர்கள் புதைந்த மேடுகளின்) பழைய வடிவம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. ஐந்தாண்டு பழைய வணிகப் படங்களையாவது தொல்லியலாளர்களுக்கு இலவசமாகத் தர அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும்.