ஃபர்னஸில் பிழையில்லை அண்ணை, விறகில்தான்

இந்தக் கிழமை இது மூன்றாவது வீடு.

"தம்பி, ஃபர்னஸ் பழுதாப் போச்சு. விடிய விடிய எழும்பி விறகு போடுறன், தண்ணி அறுபதைத் தாண்டுதில்லை. பிள்ளையள் வீட்டுக்குள்ள ஜாக்கெட்டோட திரியினம்."

வெளியே மைனஸ் 24. போய் இறங்கினால், வீட்டுக்குப் பின்னால் ஃபர்னஸ் இருக்கிற அந்தத் தகரக் கொட்டில் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. கனத்த புகை. மேலே எழும்பாமல் பனிமேல் தவழ்ந்து போனது. கருவிப்பெட்டியைத் திறக்காமலே காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அண்ணைக்குக் காட்ட வேண்டுமே. பம்பைப் பார்த்தேன், ஓடியது. நெருப்புக்குக் காற்று ஊதுகிற புளோவர் ஓடியது. காற்றுவழியை மூடித் திறக்கிற டேம்பர் தடங்கலில்லாமல் அசைந்தது. கடைசியாக எரியறைக் கதவைத் திறந்து உள்ளே கிடந்த ஒரு கட்டையைக் காட்டினேன். வெட்டுமுகத்தில் நுரை பொங்கி 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"கேக்குதா அண்ணை? இது நெருப்பின்ர சத்தமில்லை. தண்ணி கொதிக்கிற சத்தம்."

"போன கோடையில தறிச்சது தம்பி. ஆறு மாசம் காய்ஞ்சது."

தறித்தது உண்மை. பிளக்கவில்லை. ஓக் மரம், உருளை உருளையாக அப்படியே மண்ணில் அடுக்கி, நீலத் தறப்பாளால் நிலம் வரைக்கும் போர்த்திக் கட்டியிருந்தார். ஃபர்னஸின் முன்பக்கத்தில் சாத்தி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கோடரியால் பிளந்தேன். (அங்கே விறகு சாத்தி வைக்காதீர்கள் என்பதை வேறாகத் திட்டினேன். கதவு திறக்கும்போது பறக்கிற ஒரு பொறி போதும்.) புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்தினால் 38 சதவீதம் காட்டியது. 30க்கு மேலே போனால் அந்த எண்ணை நான் நம்புவதில்லை. அந்த அளவுக்கு மேல் இந்தச் சின்ன மீட்டர்களின் கணக்குப் பிசகும். நனைந்த விறகு என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

வெளியே கொட்டிலில் எரித்து, தண்ணீரைச் சுடவைத்து, நிலத்தடிக் குழாயால் வீட்டுக்குள் அனுப்புகிற விறகு ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கப்போவதில்லை. வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று: "பச்சை விறகு மெதுவா எரியும், அதனால கனநேரம் நிற்கும்." இதைச் சொல்லாத வாடிக்கையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கனநேரம் நிற்கிறதுதான். மெதுவாக எரிகிறது என்றால் மெதுவாகச் சூடு தருகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு சூடு தேவை, அதைக் குளிர்தான் தீர்மானிக்கிறது. நெருப்பு அதைக் கொடுக்காவிட்டால் தண்ணீர், ஃபர்னஸ் ஓய வேண்டிய 82 பாகைக்கு ஏறாது. ஏறாவிட்டால் டேம்பர் மூடாது, புளோவர் நிற்காது, விறகு ஓய்வில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மடங்கு விறகு கொத்துகிறீர்கள்.

ஒருவர் கணக்கோடு வாதாடினார். படித்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். 60 கிலோ போட்டால் 30 லீற்றர் தண்ணீரை ஃபர்னஸுக்குள் ஊற்றுகிறீர்கள், இரண்டு பெரிய வாளி. அவ்வளவையும் ஆவியாக்க, அந்த மரம் தரக்கூடிய வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான் போகும். "ஏழில ஒண்டுதானே, போகட்டும்" என்றார். கணக்குச் சரி. ஆனால் நட்டம் அங்கே இல்லை. மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நெருப்பில் வாயுவாகக் கிளம்புகிறது. சூட்டின் பெரும்பகுதி அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது பற்றி எரிய 600 பாகையளவு வெப்பம் வேண்டும். எரியறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அந்த வெப்பம் வராது. வாயு எரியாமலே புகைபோக்கியால் போகிறது. பனிமேல் தவழ்ந்து போனது என்று சொன்னேனே, அது அண்ணை கைநோகக் கொத்திய விறகின் நல்ல பாதி. போகாமல் மிஞ்சுவது சுவரில் தாராகப் படிகிறது. அந்தத் தார்தான் பிறகு புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கிறது.

பழைய மாதிரிகள் ஈர விறகை முணுமுணுத்துக்கொண்டாவது எரித்தன. புதியவை எரிக்காது. அமெரிக்காவில் 2015இல் வந்த விதி 2020 மே 15 முதல் இன்னும் இறுகியது. வெளிவருகிற துகளுக்கு அங்கே கடும் வரம்பு இருக்கிறது. அதற்காக வாயுவைத் தனியாக இரண்டாம் முறை எரிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாம் எரிப்புக்கு ஈர விறகு விஷம். புது ஃபர்னஸ் வாங்கிப் பழைய பழக்கத்தோடு விறகு போட்டு, "பழசே நல்லது" என்று சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எப்படித்தான் காயவைப்பது? பிளவுங்கள். கையகலத்துக்கு, 15 சென்ரிமீற்றருக்குக் கூடாமல். பட்டையோடு இருக்கிற முழு உருளை வெட்டுமுகம் வழியாக மட்டும் காய்கிறது, அதற்குள் நடுப்பகுதி உக்கியே போய்விடும். நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். தறப்பாளால் நிலம் வரை போர்த்தினால் ஈரத்தைக் கட்டிவைத்துக் காக்கிறீர்கள். பைன் போன்றவை ஒரு கோடையில் காயலாம். ஓக்குக்கு இரண்டு வருடம். ஆஷ் மரம் மட்டும் விதிவிலக்கு, வெட்டும்போதே அதில் ஈரம் குறைவு.

ஈரமானி வாங்குங்கள், சின்ன விலைதான். பிளந்த புதுமுகத்தில், நார் போகிற திசையில் குத்துங்கள். வெளிமுகத்தில் குத்திவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். உறைந்த கட்டையில் குத்தினால் குறைத்துக் காட்டும். ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள். தொழிற்காரர்கள் தங்களுக்குள்ளேயே குழம்புகிற இடம் ஒன்று: பெரும்பாலான மீட்டர்கள் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்குச் சொல்கின்றன, ஃபர்னஸ் கையேடுகள் சில மொத்த எடையை வைத்துச் சொல்கின்றன. மீட்டரில் 25 என்றால் மொத்த எடையில் 20. அந்த அளவுக்குக் கீழே என்றால் போடுங்கள்.

(வடிவேலு பாணியில் ஒரு விஷயம்: காப்புறுதிக்காரர் கேட்கிற பரிசோதனைச் சான்றுக்குக் கனடாவில் பெயர் 'வெட்' (WETT). ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் ஈரம். ஈர விறகை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவனின் சட்டைப்பையில் 'வெட்' அட்டை!)

விறகு சரியானால் மற்றச் சரிபார்ப்பெல்லாம் அரை மணித்தியால வேலை. தண்ணீர் 82இல் நிறுத்தி, ஐந்தாறு பாகை இறங்கியதும் மறுபடி எரியும்படி வைத்தால் போதும். வீட்டிலிருந்து திரும்பி வருகிற தண்ணீரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது 60க்குக் கீழே வந்தால் எரியறைச் சுவர் வியர்க்கும். அந்த வியர்வை அமிலம், இரும்பைத் தின்னும். திரும்பும் குழாயில், சுடுதண்ணீரைக் கலந்துவிடுகிற கலப்பு வால்வு ஒன்று போடச் சொல்லி இருபது தடவை சொல்லியிருப்பேன். கேட்டவர்களின் ஃபர்னஸ் இன்னும் ஓடுகிறது.

கதவின் விளிம்புக் கயிற்றைச் சோதிக்க ஒரு கடதாசித் துண்டு போதும், ஃபர்னஸ் ஆறியிருக்கும்போது. கதவில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று உள்ளே போகிறது, டேம்பர் மூடினாலும் நெருப்பு அடங்காது. மெல்லிய குளிர் நாட்களில் தண்ணீர் கொதித்து வழிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒக்டோபரில் வாய்வரை விறகு நிரப்பாதீர்கள். வீடு சூடு கேட்காதபோது நெருப்பு மூச்சுமுட்டிப் புகைந்துகொண்டே கிடக்கும், அவ்வளவும் தார். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

நிலத்தடிக் குழாயைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். பனி கொட்டிய மறுநாள் ஃபர்னஸிலிருந்து வீடுவரை நடந்து பாருங்கள். பனியில் கோடு கிழித்ததுபோல் உருகியிருந்தால் முற்றத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மலிவென்று வாங்கிய நெளிகுழாய்க்குள் நிலத்துத் தண்ணீர் நிறைந்திருக்கும். மூடின மண்ணைத் தோண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மன்னிக்கவும்.

இனி, கோபப்படாமல் கேட்டுக்கொள்கிற இரண்டு விஷயம்.

முதலாவது, மேலே இருக்கிற காற்றுக்குழாய். பெரும்பாலான வெளி ஃபர்னஸ்கள் அழுத்தமில்லாதவை, அந்தக் குழாய் எப்போதும் திறந்திருக்கத்தான் வேண்டும். "ஆவியாகித் தண்ணி குறையுது" என்று ஒருவர் அதற்கு மூடிபோட்டு இறுக்கியிருந்தார். நான் பார்த்த அன்று நெருப்பு அணைந்திருந்தது அவருடைய அதிர்ஷ்டம். மின்சாரம் போய்ப் பம்ப் நின்று தண்ணீர் கொதித்தால், ஆவி தண்ணீரைவிட 1,600 மடங்குக்கு மேல் விரியும். போக வழியில்லாவிட்டால் அது ஃபர்னஸ் இல்லை, குண்டு. தண்ணீர் குறைந்தால் ஊற்றுங்கள். அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேடுங்கள். ஊற்றும்போதெல்லாம் துருத்தடுப்பு மருந்தின் அளவையும் சோதியுங்கள். தயவுசெய்து அந்தக் குழாயில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, கதவு. டேம்பர் மூடியிருந்த நேரத்தில் எரியறை முழுக்க எரியாத வாயு நிறைந்திருக்கும். கதவை ஒரேயடியாக இழுத்தால் காற்று பாய்ந்து, அந்த வாயு உங்கள் முகத்தில் பற்றும். புருவம் கருகிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். புருவத்தோடு போனவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை, அதிர்ஷ்டசாலிகள். புகையை நேரே புகைபோக்கிக்கு விடுகிற மேல்வழி டேம்பர் இருந்தால் முதலில் அதைத் திறவுங்கள். கதவை இரண்டு விரல் அகலம் மட்டும் விட்டு இருபது எண்ணுங்கள். பக்கத்தில் நின்று திறவுங்கள், நேரே நிற்காதீர்கள். பிள்ளைகளை விறகு போட அனுப்பாதீர்கள்.

எதைப் போடக்கூடாது என்பதைச் சொல்ல வைக்கிறீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. பிளாஸ்டிக், வீட்டுக் குப்பை, பெயின்ற் அடித்த பலகை, உக்காமலிருக்க மருந்தேற்றிய பச்சைநிறப் பலகை எதுவும் வேண்டாம். பழைய மருந்துப் பலகையில் ஆர்சனிக் இருக்கிறது. அது புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் கத்தரித் தோட்டத்தில் கொட்டுகிறீர்கள். வீட்டுக்குள் காபன் மொனொக்சைட் அலாரம் மாட்டுங்கள். ஃபர்னஸ் வெளியேதானே என்று கேட்காதீர்கள். புகை ஜன்னல் தேடி வரத் தெரிந்தது.

மூன்றாவது வீட்டு அண்ணைக்கு அன்று என்ன செய்தோம்? வெட்டாமல் நின்ற இடத்திலேயே பட்டுப்போன ஆஷ் மரம் இரண்டைப் பக்கத்துக் காணிக்காரர் காட்டினார். அதையும், 'ஹெச்டி' (HT) முத்திரை இருந்த சரக்குப் பலகைகளையும் அறுத்துப் போட்டோம். ஹெச்டி என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்பி' (MB) என்றிருந்தால் தொடாதீர்கள், அது நச்சு மருந்து அடித்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் 80 காட்டியது. புகைபோக்கியின் மேலே காற்று நடுங்கியது மட்டும்தான் தெரிந்தது. ஓக்கைப் பிளந்து அடுத்ததற்கு அடுத்த மாரிக்கு அடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் நெருப்பை நிறுத்தியதும் சாம்பலை முழுதாக வழியுங்கள். கோடை முழுக்கச் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். சுவரைச் சுரண்டி, எண்ணெய் பூசி, மழை இறங்காமல் புகைபோக்கிமேல் ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். வாளி மேலே இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள். ஒக்டோபரில் வாளியை எடுக்க மறந்து நெருப்பு மூட்டிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.