அட்டையைத் திருப்பினால் பதில்

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!”

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன நாம் எல்லோரும் இந்தக் கோரஸில் குரல் கொடுத்தவர்கள்தாம். புரிந்தவர்களும் கத்துவோம், புரியாதவர்களும் கத்துவோம். 40 பேர் இருக்கும் வகுப்பில் பத்துப் பேர் உரக்கச் சொன்னாலே மொத்த வகுப்பும் சொன்னது போல இருக்கும். ஆசிரியர் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். மீதிப் பேரில் யாருக்கு எந்த இடத்தில் பிடி விட்டுப்போனது என்பது காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் நாலைந்து பாடம் தாண்டியிருக்கும்.

கேள்வி கேட்டுச் சோதிக்கலாமே என்றால், முன்பெஞ்சின் அதே மூன்று கைகள்தான் உயரும். அமெரிக்காவின் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

வகுப்பறையில் தொழில்நுட்பம் என்றால் புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, வீடியோ என்றுதான் நம் நினைவு ஓடுகிறது. இவை எல்லாமே கரும்பலகைப் பக்கத்திலிருந்து பெஞ்சுப் பக்கம் செய்தியை அனுப்புபவை. அந்தப் பாதையில் நெரிசல் இல்லை. ஆசிரியரின் குரலும் ஒரு சாக்பீஸும் அதை நூறு ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. அடைத்துக் கிடப்பது எதிர்த்திசைப் பாதை, அதாவது பெஞ்சிலிருந்து பலகைக்கு வரும் பாதை. ஒரே நேரத்தில் 40 மனங்களில் என்ன இருக்கிறது என்பதை ஆசிரியரிடம் சேர்க்கும் கருவிதான் நமக்கு முதலில் வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி ஒரு கருவி இருக்கிறது. பிள்ளைகள் கையில் வெறும் காகிதம், ஆசிரியர் கையில் ஒரு போன். அவ்வளவுதான்.

கிளிக்கர் என்ற சிறு ரிமோட்டை மாணவர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துப் பதில் வாங்கும் முறை அமெரிக்கக் கல்லூரிகளில் ஏற்கெனவே பரவியிருந்தது. ஆனால் 40 ரிமோட், 40 பேட்டரி, தொலைந்தால் மாற்று என்று கணக்குப் போட்டால் சாதாரணப் பள்ளிக்குக் கட்டுபடியாகாது. பேப்பரையே கிளிக்கராக்கிவிட்டால்? ‘பேப்பர் கிளிக்கர்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பிளிக்கர்ஸ். மாணவருக்கு ஒரு அட்டை. அதில் கறுப்புச் சதுரங்களால் ஆன ஒரு கோலம். கோலத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்துகள். பதில் ‘பி’ என்று நினைக்கும் மாணவி, ‘பி’ எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறாள். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெல்ல நகர்த்துகிறார். சில விநாடிகளில் எல்லார் பதிலும் பெயர்வாரியாகத் திரையில் வந்துவிடுகிறது.

பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்துக் காப்பியடிக்க முடியுமா? ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு. அவன் அட்டையைப் போலவே நம் அட்டையும் தெரியும்படி திருப்புவது நடக்காத காரியம். எழுத்தோ எட்டிப் பார்த்தாலும் தெரியாத அளவு சிறியது. தப்பான பதிலைத் தூக்கிப் பிடித்த பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, போன் எப்படிப் படிக்கிறது?

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு 1994இல் உருவாக்கியது அது. அதன் மூன்று மூலைகளில் பெரிய கட்டங்கள் இருக்கும், நான்காவது மூலையில் இருக்காது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் எது மேல், எது கீழ் என்று போன் கண்டுபிடித்துக்கொள்வதற்காகத்தான் அந்த அடையாளம். எந்தப் பக்கம் திருப்பினாலும் வரும் செய்தி ஒன்றே. நம் விடை அட்டையில் நிலைமை நேர் எதிர். இங்கே திருப்புவதுதான் செய்தி. கோலத்தின் வடிவம் ‘யார்’ என்பதைச் சொல்கிறது, அது சாய்ந்திருக்கும் திசை ‘என்ன’ என்பதைச் சொல்கிறது.

இந்த வகை அட்டைகளைப் படிக்கும் மென்பொருள் படத்தை முதலில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிக்கும். இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஜன்னலோரம் இருக்கும் அட்டையின் கறுப்பு, மூலையில் நிழலில் இருக்கும் அட்டையின் வெள்ளையைவிட வெளிச்சமாகப் பதிவாகலாம். எனவே படம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துடன் மட்டும் ஒப்பிட்டு ‘இது சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பா?’ என்று கேட்கிறார்கள். அடுத்து நான்கு மூலை கொண்ட வடிவங்களைத் தேடும் வேலை. பிள்ளை அட்டையைச் சரித்துப் பிடித்திருப்பாள், கடைசி பெஞ்சுக்காரன் பக்கவாட்டில் காட்டியிருப்பான். சதுரம் படத்தில் கோணலான நாற்கரமாக விழும். நான்கு மூலைகளின் இடம் தெரிந்தால் எட்டு எண்கள் கையில் இருக்கின்றன. அந்த எட்டை வைத்து, கோணலை நிமிர்த்தி மறுபடி சதுரமாக்கும் கணக்கைப் போட்டுவிடலாம். நிமிர்த்திய சதுரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று பார்த்தால் கோலம் கிடைத்துவிடும்.

ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்கள் கொண்ட கோலம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டமும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம் என்பதால் 3,35,54,432 கோலங்கள் வரையலாம். இவற்றில் 8,192 கோலங்கள் நமக்கு உதவாது. அரைச்சுற்று திருப்பினால் அவை அப்படியே இருக்கும், ஆகவே ஏ-வுக்கும் சி-க்கும் வித்தியாசம் தெரியாது. அவற்றைக் கழித்து, ஒரே அட்டையின் நான்கு திசைகளையும் ஒன்றாக எண்ணினால் 83,86,560 தனித்தனி அட்டைகள் மிஞ்சும். நமக்கு வேண்டியதோ வகுப்புக்கு 40, மிஞ்சிப்போனால் 60.

இவ்வளவு தாராளமாக இடம் இருப்பது வீண் இல்லை. பெல் ஆய்வகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட ஒரு கருத்து இங்கே கைகொடுக்கிறது. எந்த இரண்டு கோலங்களை எடுத்தாலும், ஒரே கோலத்தின் இரண்டு திசைகளை எடுத்தாலும், எப்படித் திருப்பிப் பார்த்தாலும், குறைந்தது ஏழு கட்டங்களாவது வேறுபடும்படி பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது டியூப்லைட் வெளிச்சம் பட்டோ விரல் நிழல் விழுந்தோ மூன்று கட்டங்கள் தப்பாகப் படிக்கப்பட்டாலும் கவலையில்லை. தப்பாகப் படித்த கோலத்துக்கும் உண்மையான கோலத்துக்கும் இடைவெளி மூன்று, வேறு எந்தக் கோலத்துக்கும் குறைந்தது நான்கு. மிக நெருங்கிய கோலத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியான பிள்ளையின் சரியான பதில் வந்துவிடும். ஊர்ப் பெயர் எழுத்துப்பிழையோடு வந்தாலும் தபால்காரர் கடிதத்தைச் சேர்த்துவிடுவாரே, அதே போலத்தான். பக்கத்தில் அதே போல் ஒலிக்கும் வேறு ஊர் இல்லாதவரை அவருக்குக் குழப்பம் இல்லை.

ஏன் இவ்வளவு முரட்டுக் கட்டங்கள், கியூஆர் கோடு போலப் பொடிப்பொடியாகச் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகையருகே நின்று ஏழு மீட்டர் தள்ளியுள்ள கடைசி பெஞ்சைப் பார்க்கும் போன் கேமராவுக்கு அந்தத் தூரத்தில் தெரியும் அகலம் சுமார் 9 மீட்டர். வீடியோவின் அகலம் 1,920 புள்ளிகள் (பிக்சல்). 15 செ.மீ. கோலத்துக்குக் கிடைப்பது 32 புள்ளிகள். கோலத்தைச் சுற்றியுள்ள கறுப்புக் கரையையும் சேர்த்து ஏழு வரிசை என்றால் ஒரு கட்டத்துக்கு நான்கரைப் புள்ளி. படித்துவிடலாம். மிகச் சிறிய கியூஆர் கோட்டிலேயே 21 வரிசைகள் உண்டு. அங்கே ஒரு கட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளிதான் தேறும், எல்லாம் மங்கிச் சாம்பலாகிவிடும். கடைசி பெஞ்சை விட்டுவிடாமல் இருக்க வேண்டுமென்றால் கோலம் எளிமையாகத்தான் இருக்க வேண்டும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. அட்டை நீடிக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேஷன் செய்தால், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். சொரசொரப்பான தடித்த தாளே நல்லது. கறுப்பு விளிம்பின் மேல் விரல் வைத்தால் நாற்கரம் உடைந்துபோய் அந்த அட்டையே கேமரா கண்ணில் படாது. வெள்ளை ஓரத்தைப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் வழி. அந்த வழியில் என்ன அனுப்பப்போகிறோம் என்பதுதான் கடினமான பகுதி.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். பெரிய கணக்குகளைக்கூட அவர்கள் போட்டுக் காட்டினார்கள். 1990 வாக்கில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டினீஸ் குழு, மாணவர்களுக்கு அடிப்படைக் கருத்துகள் பிடிபடாததைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கணக்கே இல்லாத எளிய கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். லாரியும் சிறிய காரும் மோதுகின்றன, எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள். இரண்டும் சமம் என்று சொல்லும் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே தடுமாறினார்கள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி மசூரை மாற்றியது. விரிவுரையை நடுநடுவே நிறுத்தி, ஒரு கேள்வி போட்டு, எல்லாரிடமும் பதில் வாங்கும் முறைக்கு 1991இல் வந்தார்.

நல்ல கேள்வியில் ஒவ்வொரு தப்பான விடையும் ஒரு நோயின் பெயர். ஆறாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஒன்று: 0.3, 0.46, 0.125 இவற்றில் எது பெரியது? 0.125 என்று காட்டும் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறது, 125 பெரியதுதானே. 0.3 என்று காட்டும் பிள்ளை, ஆயிரத்தில் பங்கு என்றால் துண்டு சிறியது, ஆகவே இலக்கம் கூடக் கூட எண் சிறிது என்று நினைக்கிறது. இருவருக்கும் ஒரே விளக்கம் பயன்படாது. இதையே 0.5, 0.45, 0.125 என்று கேட்டிருந்தால் இரண்டாவது பிள்ளை தப்பான காரணத்தோடு சரியான விடையைக் காட்டிவிட்டுத் தப்பியிருக்கும். டி என்ற நான்காவது பக்கத்துக்கு ‘தெரியவில்லை’ என்றே வைக்கலாம். அதைக் காட்டத் துணிகிற பிள்ளைக்கு முகம் சுளிக்காத வகுப்பு அமைய வேண்டும், அதற்கு எந்தக் கருவியும் உதவாது.

பதில்கள் வந்தபின் என்ன செய்வது? கிட்டத்தட்ட எல்லாரும் சரி என்றால் மேலே போகலாம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் பாடத்தை வேறு விதமாகத் திரும்ப நடத்த வேண்டும். நடுவில் இருந்தால்தான் விருந்து. சரியான விடையையும் சொல்லக் கூடாது, எத்தனை பேர் எதைக் காட்டினார்கள் என்ற படத்தையும் போடக் கூடாது. போட்டால் கூட்டம் பெரிய பக்கம் சாய்ந்துவிடும். “பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசுங்க, ஏன் அப்படிச் சொன்னோம்னு சொல்லுங்க” என்று இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியான விடை கூடும்.

கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதைத்தானே மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் அவரது குழுவினரும் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பேசி முடித்த பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் புதிய கேள்வி ஒன்றைக் கொடுத்து, இம்முறை பேசாமல் தனியாகப் பதில் சொல்ல வைத்தார்கள். அதிலும் முன்னேற்றம் தெரிந்தது. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும் பேசியபின் பலர் அதைக் கண்டடைந்திருந்தார்கள்.

கேள்வி கேட்பதே பாடத்தை மனத்தில் பதிய வைக்கவும் செய்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பாடப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் படித்த குழுவுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 40க்கு இறங்கியிருந்தது, எழுதிய குழு 61இல் நின்றது. நான்கு விடைகளில் ஒன்றைப் பொறுக்குவது, நினைவிலிருந்து எடுத்து எழுதுவதற்குச் சமமாகாதுதான். அதனால் விடைகளை மறைத்து, முதலில் கேள்வியை மட்டும் பலகையில் போட்டு, ஒரு நிமிடம் நோட்டில் எழுத விட்டபின் ஏ, பி, சி, டி-யைக் காட்டுவது நல்ல பழக்கம்.

மணி அடித்தபின் போனில் ஒரு பட்டியல் இருக்கும். முதல் தடவையும் சி, அதாவது 0.125, பேசியபின் இரண்டாவது தடவையும் சி என்று காட்டிய அட்டைகள் இரண்டோ மூன்றோ. நாளைக் காலை வகுப்பு தொடங்கும் முன், அந்த இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு ரூபாயையும் பத்துப் பைசாவையும் எழுதிக் காட்டி, 0.46க்கும் 0.125க்கும் உள்ள வித்தியாசத்தை மறுபடி தொடங்கலாம்.